பாலுக்கு உரை

செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால் மணிக்கு அடுப்படியிலிருந்து மாரிக்கனி கேட்டாள்.

"இங்க பாருங்க, பாலுக்கு உறை ஊத்துறதுன்னு எழுதுறதுக்கு எந்த ர? சின்னதா, பெரிசா?"

இருளப்பசாமி செய்தித்தாளில் ஏதோ ஒரு கண்மாய் ஆக்கிரமிப்புச் செய்திக்குள் இருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

"சின்னது."

"நல்லாத் தெரியுமா?"

"முப்பத்தோரு வருசம் போலீஸ் ஸ்டேசன்ல ரைட்டரா இருந்தவன்ட்ட கேக்கா பாரு கேள்வி. சின்னதுதான். போடுட்டி."

அவள் சிரித்தது கேட்டது. பேனா மூடியைத் திருகிப் போட்டது கேட்டது. பால் சட்டியைத் தட்டு போட்டு மூடியது கேட்டது. பிறகு துணி வாளியோடு மாடிப்படி ஏறினாள். நாலு துணிக்குக் கவ்வி மாட்டியிருந்தாள். ஐந்தாவது துணி கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம், வீடு முழுக்க ஆள் நிறைந்திருக்கையில், டீக்குப் பாத்திரம் தேடி அடுப்படிக்குள் வந்த சொந்தக்காரி ஒருத்தி சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அய்யோ, தயிரு என்னமா உறைஞ்சிருக்கு" என்று சொல்லி அழுதாள்.

மாரிக்கனி பத்தாவது வரை படித்தவள். இராஜபாளையத்தில் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் துணி சரிபார்த்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் கண்ணயரும்போது அவள் புத்தகம் படிப்பாள். வீட்டில் முந்நூற்றுப் பதினொரு புத்தகம் சேர்த்திருந்தாள். எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை. முந்நூற்றுப் பன்னிரண்டாவதாக அவளுடைய நீள நோட்டு. அதற்கும் காக்கி அட்டை. தண்ணீர் வந்த நாள், சிலிண்டர் பதிந்த தேதி, இரத்த அழுத்தம், மழை, எதிர்வீட்டு நாய், அவளுக்குப் பிடித்த சொல், பிடிக்காத ஆள், எல்லாம் அதில்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இருளப்பசாமி இறப்புச் சான்றிதழ் விஷயமாகத் திருவில்லிபுத்தூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது அலமாரி காலியாக இருந்தது. மகள் யுவராணி கோயம்புத்தூருக்குக் கிளம்பத் தயாராகப் பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"யூனிவர்சிட்டி வேன் வந்துச்சுப்பா. நூல் கொடைன்னு பேனர் கட்டி வந்தாங்க. நீங்க இதையே பாத்துப் பாத்து உக்காந்திருப்பிய. நாலு பிள்ளைக படிக்கட்டும்."

"நோட்டு?"

"எந்த நோட்டு?"

அவளைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் காக்கி அட்டை. மத்தியானம் அவள் போனில் கேட்டதும் அவருக்கு ஞாபகம் இருந்தது: "ஃபாரத்துல உங்க வேலை என்னன்னு கேக்காங்கப்பா." அவர் பேருந்து இரைச்சலில், "ரைட்டர், ரிட்டயர்டுன்னு போடு" என்று சொல்லியிருந்தார்.

அவருக்கு அந்த நோட்டு முழுவதும் வேண்டும் என்பதைக் காட்டிலும் அதன் கடைசி வரி வேண்டும். அன்று அவள் கேட்ட பிறகு, இரண்டு நாள் கழித்து, துக்கம் விசாரிக்க வந்த கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது அவருக்குச் சட்டென்று உறைத்தது. பெரிய ற. பாலுக்கு உறை பெரிய ற. சின்ன ர போட்டால் அது பேச்சு, விளக்கம், வியாக்கியானம். உயிரோடு இருந்த கடைசி அரைமணி நேரத்தில் அவள் கேட்ட ஒரே கேள்விக்கு அவர் தப்பாகப் பதில் சொல்லியிருந்தார். அவள் அதை எழுதினாளா, எழுதவில்லையா என்று பார்த்தால் போதும். எழுதியிருந்தால் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினால் போதும். மனிதனுக்கு இவ்வளவு சின்ன ஆசை இருப்பது பல்கலைக்கழகங்களுக்குப் புரிவதில்லை.

பேரறிவுப் பேரொளி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவே, பழைய பருத்தி அரவை ஆலை ஒன்றை வாங்கி வெள்ளையடித்த இடத்தில் நடந்துவந்தது. நூலகம் இருந்த கட்டடம் முன்பு பஞ்சுக் கிட்டங்கி. மின்விசிறியைப் போட்டால் உத்தரத்திலிருந்து இப்போதும் பஞ்சு இறங்கும். அதை ஞானத்தின் வெண்மழை என்று பல்கலைக்கழகக் கீதத்தில் சேர்த்திருந்தார்கள்.

வாசல் காவலர் சோலைச்சாமி, பட்டாளத்தில் இருந்து வந்தவர். இருளப்பசாமியை ஸ்டேசன் காலத்திலிருந்தே தெரியும்.

"ரைட்டரய்யா வாங்க. லைப்ரரிக்கா? அங்க யாரும் போகமாட்டாவளே."

"ஏம்ப்பா?"

"எதுக்குப் போறாக? ஆனா ஒண்ணுய்யா, லைப்ரரி இப்ப எம்புட்டோ முன்னேறிட்டு. போன மாசம் ரெண்டே ரெண்டு பாடம் இருந்துச்சு. இப்ப அறுபத்தோரு பாடமாம். ஒரு புத்தகம் கூட வாங்கலையாம். அதான் சாமர்த்தியம்காவ எல்லாரும்."

நூலக வாசலில் துணைவேந்தரின் சுற்றறிக்கை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ரைட்டராக இருந்தவருக்கு எழுத்து எதைக் கண்டாலும் முழுக்கப் படித்துவிடும் வியாதி உண்டு. படித்தார்.

'நமது நூலகத்தில் நாற்பதாயிரம் நூல்கள் உள்ளன என்பது பெருமை. அவற்றுள் முப்பத்தொன்பதாயிரம் நூல்கள் அடியேன் எழுதிய ஒரே தன்னம்பிக்கை நூலின் படிகள் என்பதும், மீதி ஆயிரம் கணினிப் பொறியியல் வினா விடை என்பதும் நிர்வாகச் செம்மை. ஆயினும் வருகை தரவிருக்கும் தர மதிப்பீட்டுக் குழு நூல்களை எண்ணுவதில்லை. பாடங்களை எண்ணுகிறது. பாடப் பன்மைக்கு இருபது மதிப்பெண். எனவே இம்மாத இறுதிக்குள் நம்மிடம் அறுபது பாடங்கள் இருந்தாக வேண்டும். நூல் வாங்க நிதி இல்லை. பாடத்துக்கு நிதி தேவையில்லை.'

உள்ளே வரிசை வரிசையாகப் புது அலமாரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் புதுப் பலகை. நீரியல் என்ற அலமாரி முன் போய் நின்றார். அதில் புத்தகம் இல்லை. ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது: 'இப்பாடத்துக்குரிய நூல் தற்சமயம் வானிலையியலில் உள்ளது.' வானிலையியலுக்குப் போனார். 'இப்பாடத்துக்குரிய நூல் தற்சமயம் நெசவுத் தொழில்நுட்பத்தில் உள்ளது.' நெசவுத் தொழில்நுட்பம் அவரை விலங்கு மருத்துவத்துக்கு அனுப்பியது. விலங்கு மருத்துவம் பெட்ரோலியப் பொறியியலுக்கு அனுப்பியது. அங்கிருந்து பூச்சியியல், அங்கிருந்து புள்ளியியல், அங்கிருந்து சர்வதேச உறவுகள். தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான். ஆனால் அங்கே கடைசியில் யாராவது ஒரு மனிதன் உட்கார்ந்து நாளை வா என்பான். இங்கே அட்டைதான் பேசியது.

ஐம்பத்தெட்டு அலமாரி சுற்றி முடித்தபோது தலைமை நூலகர் அறை வந்தது. முனைவர் ஜெபின். பெயர்ப்பலகையில் 'பாடப் பன்மை இயக்குநர் (பொறுப்பு)' என்றும் இருந்தது.

"உக்காருங்க சார். மாரிக்கனி அம்மையார் கொடையா? உங்களால எங்க யூனிவர்சிட்டியே நிமிந்து நிக்கி."

"அந்தப் புத்தகமெல்லாம் எங்க வச்சிருக்கிய?"

"மூட்டை கட்டிக் கீழ போட்டிருக்கோம்."

"மூட்டையா?"

"அதெல்லாம் கதை, கவிதை சார். முந்நூத்திப் பதினொண்ணும் சேத்து ஒரே பாடம். இலக்கியம். ஒரு புத்தகம் வச்சாலும் ஒண்ணு, மூவாயிரம் வச்சாலும் ஒண்ணு. எடம்தான் தண்டம்." ஜெபின் குரலைத் தாழ்த்தினார், கோயில் கருவறை முன் பேசுகிறவர் போல. "ஆனா அந்த ஒரு நோட்டு இருக்கே சார், அது மட்டும் தனியா ஐம்பத்தெட்டுப் பாடம்."

பட்டியலை எடுத்துக் காட்டினார். தட்டச்சு செய்த பெண் பெயர் கேத்ரின் என்று கீழே இருந்தது. இருளப்பசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'நல்ல தண்ணீர் ஒன்பதாம் நாள் வந்தது.' நீரியல். 'எதிர்வீட்டு நாய்க்கு ஊசி போட்டார்கள், கத்தல் குறையவில்லை.' விலங்கு மருத்துவம். 'சிலிண்டர் பதிந்து பதினொரு நாள்.' பெட்ரோலியப் பொறியியல். 'தேரோட்டத்துக்கு பஸ்ஸை மாற்றி விட்டார்கள், சுற்றிப் போக ஒரு மணி நேரம்.' போக்குவரத்துத் திட்டமிடல். 'வலது தோளில் பல்லி விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை.' புள்ளியியல். 'இன்று அவருடன் பேசவில்லை.' சர்வதேச உறவுகள். 'இன்றும் பேசவில்லை.' சர்வதேச உறவுகள், மேல்நிலை. 'அவராகவே வந்து காபி கேட்டார்.' போர்நிறுத்தச் சட்டம்.

தன் வீட்டுச் சண்டை மேல்நிலைப் பாடமாகியிருப்பதை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அது புத்தகம் இல்ல. என் வீட்டம்மாவோட நோட்டு. தப்பா வந்துட்டு. அதை மட்டும் குடுத்திருங்க, மத்தது எல்லாம் இருக்கட்டும்."

ஜெபின் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"ஒரு நூலகம் ஒரு நூலை இழக்கலாம் சார். ஐம்பத்தெட்டுத் துறையை இழக்க முடியுமா? நீங்க கேக்குறது நோட்டு இல்ல. எங்க பல்கலைக்கழகத்தையே."

"செத்த நேரம் பாத்துட்டாவது தாரேன்."

"அருஞ்சுவடிப் பிரிவு. கண்ணாடிப் பேழைக்குள்ள இருக்கு. தெறக்கணும்னா துணைவேந்தர் அனுமதி வேணும். அனுமதி கேக்கணும்னா ஆய்வாளரா இருக்கணும். ஆய்வாளராகணும்னா மூலநூலைப் பாத்திருக்கணும்."

இதைக் கேட்டபோது இருளப்பசாமிக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. கான்சாபுரத்துக்காரி. திருடு போன அவளுடைய பித்தளை அண்டா கிடைத்துவிட்டது. ஸ்டேசன் மூலையில் வழக்குச் சொத்தாக, சீட்டு ஒட்டி நாலு வருடம் இருந்தது. மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவாள். "கோர்ட்டு சொல்லணும் தாயி" என்று ஒவ்வொரு முறையும் சொன்னவர் இவர்தான். சிரித்துக்கொண்டே கூடச் சொல்லியிருக்கிறார். அவள் பெயர் இப்போது ஞாபகம் வரவில்லை.

பேழையை வெளியிலிருந்து பார்க்க அனுமதி உண்டு. பார்த்தார். வெல்வெட் துணிமேல் காக்கி அட்டை நோட்டு மூடிய நிலையில் இருந்தது. பக்கத்தில் பித்தளைத் தகடு:

'பாலுக்கு உரை. ஆசிரியர்: மாரிக்கனி அம்மையார். காலம்: அறியப்படவில்லை.'

"காலம் தெரியலையா? போன மாசம் செவ்வாக்கிழமைதானப்பா எழுதினா."

"ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கு சார். அவசரப்பட முடியாது."

"இந்தப் பேரு யாரு வச்சது?"

"தலைப்பில்லாத நூலுக்குக் கடைசி வரிதான் தலைப்பு. விதி. இதுதான் சார் பெரிய கண்டுபிடிப்பே. எந்தப் பாலுக்கு உரைன்னு ரெண்டு துறை அடிச்சுக்கிடுது. கமிட்டி வாற அன்னைக்குக் கருத்தரங்கம் வச்சிருக்கோம். நீங்கதான் சிறப்பு விருந்தினர்."

ஜெபின் சொன்ன மீதி எதுவும் அவர் காதில் விழவில்லை. தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன ர. பித்தளையில், செதுக்கி, கறுப்பு மை ஏற்றி, சின்ன ர. முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒரு பேச்சையும் அவள் கேட்டதில்லை. மஞ்சள் பெயின்ட் என்றால் பச்சை அடிப்பாள். கேட்டது இந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது.

கருத்தரங்குக்குப் போவதென்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் அதுதான். மேடையில் ஏறினால் பேழையைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தைத் திருத்திவிடலாம். சட்டைப்பையில் நீல மைப் பேனா ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அவளுடைய பேனா.

அழைப்பிதழில் 'மூத்த எழுத்தாளர் (ஓய்வு) இருளப்பசாமி' என்று அச்சிட்டிருந்தார்கள். படிவத்தில் இருந்த ரைட்டர் தமிழாகியிருந்தது. மேடைக்குப் பின்னால் பொன்னாடையோடு காத்திருந்தபோது தமிழ்த்துறைத் தலைவர் கைகொடுத்தார்.

"எத்தனை எழுதியிருப்பீங்க அய்யா?"

"ஏழாயிரத்துக்குக் குறையாது. எல்லாம் எப்.ஐ.ஆர்."

"அடேயப்பா. புனைவா?"

"பாதிக்கு மேல."

குழுவில் மூன்று பேர். மூவரும் காலையிலேயே அறுபத்தொரு அலமாரியையும் வெளியிலிருந்து பார்த்து, பலகைகளை எண்ணி, இரண்டு முறை சரிபார்த்துவிட்டார்கள். நூலகக் கூடத்திலேயே போட்டிருந்த மேடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நானூறு மாணவர்கள், வருகைப்பதிவு வெட்டப்படும் என்ற பயத்தோடு.

துணைவேந்தர் எழுந்தார்.

"படிப்பது தனிமனிதர்களின் பழக்கம். பாடம் என்பது நிறுவனத்தின் சாதனை. சென்ற ஆண்டு நமது நூலகத்திலிருந்து நூல் எடுத்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்யம். தொலைந்த நூல்கள் எத்தனை? பூஜ்யம். கிழிந்தவை? பூஜ்யம். மனிதக் கைபடாத இப்படியொரு நூலகத்தை வெளிநாட்டில் காட்டுங்கள் பார்ப்போம். அறுபத்தொரு துறை அறிவையும் ஒரு தூசு படாமல் பாதுகாத்து வருகிறோம். வருங்காலச் சந்ததி கேட்டால் பூட்டைக் காட்டுவோம்!"

மேலே மின்விசிறியிலிருந்து வெண்மழை பெய்தது. கைதட்டினார்கள்.

தமிழ்த்துறைத் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். பால் என்பது இலக்கணத்தில் ஐந்து. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால். மாரிக்கனி அம்மையார் ஐந்துக்கும் சேர்த்து ஒரே வரியில் உரை கண்டிருக்கிறார். அந்த வரிக்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பேராசான்கள் அப்படித்தான் பேனாவை வைத்துவிடுவார்கள்.

இருளப்பசாமி மேடையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் பேனாவை வைத்துவிட்டுப் போனது துணி காயப்போட.

அடுத்துப் பாலினவியல் துறைத் தலைவர் எழுந்து, இது இலக்கணமல்ல என்றார். அம்மையார் பெண்பாலுக்கு என்று எழுதவில்லை, வெறும் பாலுக்கு என்று எழுதினார். ஏன்? பெண் மறைக்கப்பட்டிருக்கிறாள். மறைத்தவர் யார்? பார்வை மேடையில் இருந்த இருளப்பசாமி மேல் விழுந்தது. 'இன்று அவருடன் பேசவில்லை' என்ற வாக்கியம் நூலில் பதினேழு இடங்களில் வருகிறது. இந்த 'அவர்' யார் என்பது ஆய்வுக்குரியது.

"நான்தான்" என்றார் இருளப்பசாமி. ஒலிவாங்கி இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியாக அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்தார். சாட்சிக்கூண்டில் நூறு முறை ஏறியவர்தான். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அய்யாமாரே. அது குடிக்கிற பாலு. தயிருக்கு உறை ஊத்துறது. மிஞ்சின பாலுல ஒரு கரண்டி மோரு விட்டு மூடி வைக்கணும், அம்புட்டுதான். பெரிய ற வரணும். அவ என்ட்டதான் கேட்டா. நான் பேப்பரு பாத்துக்கிட்டே சின்னதுன்னு சொல்லிட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. என் தப்பு. பொறவு செத்த நேரத்துல அவ போயிட்டா."

நானூறு பிள்ளைகளும் முதல்முறையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கிட்டங்கியில் எல்லாருக்கும் ஒன்று புரிந்ததுபோல இருந்தது.

பிறகு குழுத் தலைவர் மெல்லக் கைதட்டினார். முன்வரிசை முழுக்கத் தட்டியது.

"அபாரம். பால்வளம்! இந்தப் பாடம் உங்கள் பட்டியலில் இல்லையே?"

"இருக்குங்கய்யா, இப்ப எழுதிட்டோம்" என்றார் ஜெபின். அறுபத்திரண்டு ஆனது.

இருளப்பசாமி இன்னும் ஒலிவாங்கியை விடவில்லை. "பேழையைத் தெறக்கணும்" என்றார். "பெரியவுக எல்லாரும் இருக்கையிலேயே தெறக்கணும். ஒரு எழுத்த மட்டும் திருத்திட்டுக் குடுத்துருதேன்."

குழுவினர் முன்னால் மறுக்கத் துணைவேந்தருக்கு வழியில்லை. சாவி வந்தது. பட்டியல் தட்டச்சு செய்த கேத்ரின் வெள்ளைக் கையுறை மாட்டி நோட்டை மேடைக்குக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

நீல மையில், அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது:

'பாலுக்கு உறை. கேட்டதற்குச் சின்னது என்கிறார்.'

பெரிய ற.

அவர் கேத்ரினைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. "மெசின்ல u, r, a, i அடிச்சா அதுவா சின்ன ர போட்டுரும் சார்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அடுத்த வரியும் நான்தான் விட்டுட்டேன். எடம் பத்தலை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாள். செய்தித்தாளுக்குள் இருக்கிற மனுசனை வெளியே இழுக்க அவளுக்கு ஒரு எழுத்து வேண்டியிருந்திருக்கிறது. நோட்டை முன்னால் புரட்டினார். 'முறுக்குக்கு எது என்று கேட்டேன். சின்னது என்றார்.' 'எறும்புக்குக் கேட்டேன். சின்னதாம்.' முறுக்கும் எறும்பும் பெரிய ற போட்டே எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் அவர் சின்னது என்றே சொல்லி வந்திருக்கிறார். அவர் பேச்சை அவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

"தப்பே இல்ல" என்று சத்தமாகச் சொன்னார். "அவ சரியாத்தான் எழுதியிருக்கா. தகடுதான் தப்பு. உங்க லிஸ்ட்டுதான் தப்பு."

மேடையில் தலைகள் ஒன்று கூடின. துணைவேந்தர் நோட்டைப் பார்த்தார், அச்சடித்த பட்டியலைப் பார்த்தார், குழுத் தலைவரைப் பார்த்தார். குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பட்டியல் அச்சாகி டெல்லிக்குப் போய்விட்டது" என்றார் துணைவேந்தர். "அறுபத்திரண்டு பாடமும், கருத்தரங்கமும், தகடும், இரண்டு ஆய்வேட்டுப் பதிவும் சின்ன ர மேல் நிற்கின்றன. ஆகவே பிழை மூலத்தில்தான் இருக்கிறது."

"மூலத்தைத் திருத்திருவோம் அய்யா" என்று ஜெபின் பேனாவை எடுத்தார். "ஒரு கோடுதான்."

அப்போதுதான் முப்பத்தோரு வருட ஸ்டேசன் குரல் வெளியே வந்தது.

"ஏலே! கைய எடு!"

ஜெபினின் பேனா கீழே விழுந்தது. வாசலில் நின்ற சோலைச்சாமி தன்னையறியாமல் விறைத்து நின்றார்.

"செத்தவ கையெழுத்துல கோடு கிழிப்பியா? ஆவணத்துல கை வச்சா எந்த செக்சன், எத்தன வருசம்னு நான் எழுதினவன்லே. ஏழாயிரத்தி ஒண்ணாவது எப்.ஐ.ஆரு உன் பேருல எழுதுவேன். அதுல ஒரு வரி பொய் இருக்காது."

பல்கலைக்கழகம் மிரட்டலுக்குப் பணியாது. சட்ட ஆலோசகர் சொன்னால் பணியும். அவர் போனில், மூலத்தில் மையிடுவது ஆபத்து, ஆனால் மூலத்தின் மேல் காகிதம் ஒட்டத் தடையில்லை என்றார். பத்து நிமிடத்தில் அச்சடித்த சீட்டு ஒன்று வந்தது. ஜெபின் அதை இரு வரிகளின் மேலும் பசை தடவி ஒட்டினார்:

'பிழைதிருத்தம்: இவ்விடத்து உறை என்பதை உரை எனத் திருத்திப் படிக்கவும். அடுத்த வரி இடைச்செருகல்.'

மாரிக்கனியின் கடைசி வாக்கியம் இடைச்செருகல் ஆனதை இருளப்பசாமி நின்று பார்த்தார். வாயில் ஒரு கசப்பு ஊறியது. துப்ப இடமில்லை, தரையெல்லாம் கமிட்டிக்காக விரித்த சிவப்புக் கம்பளம். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து வாயைத் துடைத்து, அதை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினார்.

குழு பாடப் பன்மைக்கு இருபதுக்கு இருபது கொடுத்தது. பிழைதிருத்தும் மரபைப் பேணியதற்குத் தனியாக ஒரு பாராட்டும் எழுதியது. சுவடித் திருத்தவியல் என்று ஓர் அலமாரி கூடியது. அறுபத்து மூன்று.

அவர் மனுப் போட்டார். பதில் வந்தது. மறுபடி போட்டார். மறுபடி பதில் வந்தது. பல்கலைக்கழகம் பதில் போடுவதில் குறை வைப்பதில்லை. நோட்டைத் தருவதற்கில்லை. ஆனால் நூலாசிரியரின் குடும்பத்தார் என்ற முறையில், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பத்து நிமிடம், பேனா இல்லாமல், நூலைப் பார்வையிடலாம்.

முதல் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினார். வாசலில் சோலைச்சாமி அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை வாங்கி, துடைத்து, தன் மேசையில் பத்திரமாக வைத்தார்.

"நல்லாப் பாத்துட்டு வாங்கய்யா. நான் கடிகாரம் பாக்கலை."

நூலகத்தில் யாரும் இல்லை. பஞ்சு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கேத்ரின் பேழையைத் திறந்து நோட்டை எடுத்து வைத்துவிட்டு, பூச்சியியல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அவர் கடைசிப் பக்கத்தை விரித்தார். புழுக்கத்தில் பசை இளகி, சீட்டின் ஒரு மூலை சுருண்டு எழும்பியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதை இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

கீழே, நீல மையில், வால் சற்று நீண்டு, பெரிய ற இருந்தது.